கலங்கல் தண்ணீரில் ஒரு கெளுத்தி

எண்பதுகளின் நடுவில் ஒரு வைகாசி மாதம் அது. சித்திரைத் திருவிழாக் கூட்டம் வடிந்து, மதுரை மறுபடியும் எங்கள் கைக்கு வந்திருந்த நேரம். நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். கோடை விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தேன். கே.கே. நகரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் அப்போது நான், என் கணவர், என் தம்பி என மூன்று பேர். "மூணு பேருக்கும் சேத்து நாலு கிட்னி ஓடுது" என்று என் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். தம்பி அதை ஒத்துக்கொள்ள மாட்டான். பழசு இரண்டும் வேலை செய்யாவிட்டாலும் உள்ளேயேதான் கிடக்கின்றன, ஆக மொத்தம் ஆறு என்பான். யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதும் சரிதான். ஒன்று இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

இடம் மாறியது என்னுடையது. தம்பிக்குக் கல்யாணப் பேச்சு எடுத்த வருஷம் அவனுக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போய்விட்டன. முகம் வீங்கி, சோறு பிடிக்காமல், வாசலுக்கும் கட்டிலுக்கும் நடக்கவே மூச்சு வாங்கியது. மாற்றுக் கிட்னி வைத்தால் பிழைப்பான் என்றார்கள். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. கொடுக்கிறேன் என்று நின்றவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொருவர் எங்கள் தாய்மாமா. மேலூர்ப் பக்கம், திருவாதவூர் போகிற வழியில் உள்ள ஒரு சின்ன ஊரில் விவசாயம் பார்ப்பவர். அம்மா போன பிறகு எங்களுக்குத் தாய்வீடு என்றால் அவர்தான்.

மாமாவின் ரத்தம் சேரவில்லை என்று மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மனுஷனுக்கு அந்த அவமானம் தாங்கவில்லை. "கறிக்கடையில கூட இம்புட்டுத் தரம் பிரிக்க மாட்டான் தாயி. நானே குடுக்குறேங்குறேன், வேணாங்குறாங்க" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து புலம்பினார். என் ரத்தம் சேர்ந்தது. அந்தக் கார்த்திகையில் ஆபரேஷன் நடந்தது. என் இடது விலாவுக்குக் கீழே அரிவாள் வெட்டு மாதிரி ஒரு தழும்பு மிச்சம். தம்பிக்கோ மாசி பிறப்பதற்குள் கன்னத்தில் சதை போட்டுவிட்டது.

கொடுத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஒரே ஒரு குறை இருந்தது. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் வைத்திருந்தேன். கொடுத்ததை நான் பார்க்கவே இல்லை. மயக்கம் தெளிந்தபோது அது அடுத்த அறையில் தம்பியின் வயிற்றுக்குள் போயிருந்தது. வருஷா வருஷம் கறிக்கடையில் ஆட்டுக் கிட்னி வாங்கி வந்து, பிளேடால் இரண்டாகப் பிளந்து, பிள்ளைகளுக்கு உள்ளே இருப்பதையெல்லாம் காட்டுகிறவள் நான். ஊர்ப்பட்ட ஆட்டின் கிட்னியெல்லாம் பார்த்தாயிற்று, சொந்தக் கிட்னி மட்டும் கண்ணில் படாமலே கைமாறிப் போய்விட்டது.

மதுரைக்கு வந்த பிறகு தம்பி எங்கள் வீட்டிலேயே தங்கினான். கிட்னி டாக்டரின் கிளினிக் பக்கத்திலேயே இருந்தது. மாத்திரை நேரம் தவறக்கூடாது, வெளிச்சாப்பாடு கூடாது, தண்ணீர் கொதிக்க வைத்துத்தான், விருந்தாளி வந்தால் தள்ளி உட்கார வேண்டும் என்று ஏகப்பட்ட சட்டம். எல்லாவற்றுக்கும் போலீஸ் நான்தான். அவன் ஒரு நாளைக்கு எவ்வளவு சிறுநீர் போகிறான் என்பதைக்கூட ஒரு அளவு ஜாடியில் பார்த்து வைத்துக்கொள்வேன். அக்கா வீட்டில் இருப்பதற்கு மத்திய சிறையில் இருந்துவிடலாம் என்று அவன் என் கணவரிடம் முறையிடுவான். அவனுடைய பெரிய ஏக்கம் மீன். நல்ல மீனாக, நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மார்க்கெட் மீன் எத்தனை நாள் ஐஸில் கிடந்ததோ என்று நான் வாங்கவே இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் மாமா ஊரில் மீன்பிடி வந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீருக்கு வந்ததும், ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை கரையில் காத்திருக்கும் ஊரும் சுற்றுப்பட்டியும் மூங்கில் கூடையும் வலையுமாக ஒரே நேரத்தில் உள்ளே இறங்கும். பிடித்தவருக்குப் பிடித்த மீன் சொந்தம். ஆனால் விற்கக்கூடாது. வீட்டில் குழம்பு வைக்க வேண்டும், இல்லையென்றால் உறவுக்குக் கொடுத்துவிட வேண்டும். அப்படி வருகிற பங்கை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால், அந்த உறவே வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம்.

துண்டு வீசிய அன்றைக்கே மாமா வந்து நின்றார். கையில் தண்ணீரோடு ஒரு மண்பானை, வாயில் துணி கட்டியிருந்தது. உள்ளே நாலு விரால் உயிரோடு. மேலூரில் பஸ் ஏறியதிலிருந்து பானை குதிக்கக் குதிக்க, கண்டக்டர் திட்டத் திட்ட, மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். வேட்டி முழுக்க மீன் தண்ணீர்.

"கிட்னிதான் குடுத்து வைக்கல. மாப்ளைக்கு இதையாச்சும் குடுத்துட்டுப் போறேன். நல்லாக் கொழம்பு வையி தாயி" என்றார்.

இதற்கு மேல் நான் என்ன சட்டம் பேச முடியும்? உயிரோடு துள்ளுகிற மீன். இதைவிட நல்ல மீன் எங்கே கிடைக்கும்? புளியைக் குறைத்து, உப்பைக் குறைத்து, நன்றாகக் கொதிக்கவிட்டுக் குழம்பு வைத்தேன். தம்பிக்கு முதலில் ஒரு தலையையும் நடுத்துண்டையும் வைத்தேன். அவன் சாப்பிட்ட அழகை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டான். மாமா தன் தட்டைத் தொடவே இல்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசினார். அந்த வருஷம் கண்மாயில் மீன் குறைவு என்றார். விதைப்பு நேரத்தில் மடைப்பக்கம் பொடி மீனெல்லாம் மிதந்ததாம்.

"வெதைய ஊறப்போட்டப்ப தண்ணி ரோசாப்பூக் கணக்கா செவந்து போச்சு. சின்னப் பயலுகல்லாம் ஓடியாந்து வேடிக்கை பாத்தாய்ங்க" என்று சிரித்தார்.

என் கணவர் வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டிலேயே வைத்தார். அவர் விவசாய இலாகாவில் வேலை பார்த்தார். "எந்த வெதை?" என்று கேட்டார்.

"வெவசாய டெப்போவுல குடுத்ததுதான். மருந்து தடவி, செக்கச்செவேல்னு இருந்துச்சே."

விதைநெல்லைச் சாக்கில் கட்டி ஒரு பகல் ஒரு ராத்திரி தண்ணீரில் அமிழ்த்தி வைப்பார்கள். பிறகு எடுத்து வைக்கோல் போட்டு மூடி முளைகட்டுவார்கள். அந்த ஊரில் அதற்குக் கண்மாய்தான் இடம். காலம் காலமாக மடைப் படியில் வரிசையாகச் சாக்கு கிடக்கும். வெறும் நெல்லாக இருந்தவரை அதில் ஒரு தப்பும் இல்லை. அந்த வருஷம் பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து தடவிய விதை வந்தது. விதை புதுசு, பழக்கம் பழசு. ஊரே அதை மீன் வளர்கிற தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறது.

"அது பாதரசம் கலந்த மருந்துங்க" என்றார் என் கணவர் மெதுவாக.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். பாதரசம் கலந்த கழிவு கடலில் சேர்ந்து, அந்த மீனைத் தின்ற செம்படவக் குடும்பங்கள் கை கால் விளங்காமல் போன கதையை ஜப்பானைப் பற்றி எங்கோ படித்திருக்கிறேன். தண்ணீரில் இருப்பதைவிட மீனில் அதிகமாகச் சேரும் என்றும் படித்திருக்கிறேன். அது உடம்புக்குள் போனால் பிடிக்கிற இடங்களில் ஒன்று கிட்னி என்பதும் தெரியும். தம்பியின் தட்டைப் பார்த்தேன். விரால் தலையில் முள்ளைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை.

தம்பிதான் முதலில் பேசினான். "விடுங்க மாமா, செத்தாலும் வெரால் தின்னுட்டுச் செத்தேன்னு இருக்கட்டும்."

"வாயக் கழுவுடா மொதல்ல!" என்று நான் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

மாமாவுக்கு விஷயம் மெல்லத்தான் இறங்கியது. தெர்மாமீட்டருக்குள் இருக்கிறதே அதுவா என்று கேட்டார். அதுதான் என்றோம். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. பானையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மீதிக் குழம்பைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன். பக்கத்து வீட்டுப் பூனை மதில்மேல் உட்கார்ந்து, இந்த அநியாயத்தை நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

என் ஆத்திரமெல்லாம் என் கணவர் மேல் திரும்பியது. "ஊருக்கெல்லாம் வெதை குடுத்தீங்களே, அதைக் கண்மாயில ஊறப்போடாதீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று கேட்டேன். "நான் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்டி" என்றார் பாவமாக. அந்த நிலைமையிலும் தம்பி சிரித்துவிட்டான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அடுத்த சில நாட்களில் நான் பயந்தது நடந்தது. அளவு ஜாடியில் சிறுநீர் குறைந்துகொண்டே வந்தது. தம்பியின் கால் வீங்கியது. புதுக் கிட்னி இருக்கிற பக்கம், அடிவயிறு கல் மாதிரி கனக்கிறது என்றான். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். கிட்னியின் வேலை பாதியாகக் குறைந்திருக்கிறது என்றார். நான் மீன் விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"நீங்க பயப்படுறதுல தப்பில்லம்மா. ஆனா ஒரு வேளை சாப்பிட்ட மீனு இம்புட்டு வேகமா வேலையக் காட்டுமான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. உடம்பு புதுக் கிட்னிய ஒதுக்குதோன்னுதான் கவலை. அப்படின்னா உடனே மெட்ராஸ் போகணும்" என்றார். போவதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். மதுரைக்கு அப்போதுதான் ஸ்கேன் மிஷின் வந்திருந்தது. அதற்கு முன் அதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

மாமாவுக்குச் சேதி எப்படிப் போனதோ தெரியாது. ஸ்கேன் எடுக்கக் கிளம்பிய காலை, வாசல் கேட்டைத் திறந்தால் வெளியே ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். உள்ளே வாங்க என்றால் வரவில்லை. "நான் கெடுத்துப்புட்டேன் தாயி. ஒன் உடம்ப அறுத்துக் குடுத்தத நான் ஒரு கொழம்புல கெடுத்துப்புட்டேன்" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் கொண்டுவந்தது விஷம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் பயம் மட்டும்தான். தம்பி போய்விடுவானோ என்ற பயம். அந்த நோய் முகம் மறுபடியும் வந்துவிடுமோ என்ற பயம். கொடுப்பதற்கு இனி என்னிடமும் ஒன்றும் இல்லையே என்ற பயம். ஆட்டோவில் மாமாவையும் ஏற்றிக்கொண்டேன்.

ஸ்கேன் சென்டரின் ஹால் முழுக்கக் கர்ப்பிணிப் பெண்கள். ஆளுக்கொரு செம்பைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எத்தன மாசம்?" என்று கேட்டாள். எனக்கில்லை, இவனுக்கு என்று தம்பியைக் காட்டினேன். அவள் பேனா நின்றுவிட்டது. ஒரு பெண்ணின் அம்மா தம்பிக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்து, "ஆம்பளைகளுக்கும் வந்துருச்சா இது?" என்று வருத்தமாகக் கேட்டாள். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஆமாம்மா, இந்த மாசம்தான் தெரிஞ்சுச்சு" என்றான். இப்படியும் ஒருத்தனா என்று எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

எங்களைக் கூப்பிட்டார்கள். ஏசி ரூம். செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். மாமா செருப்பை விட்டதும், தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சந்நிதிக்குள் போகிறவர் மாதிரி உள்ளே வந்தார். ஸ்கேன் டாக்டரம்மா இளம்பெண்தான். இத்தனை பேர் எதற்கு என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓரமா நின்னுக்கங்கய்யா" என்று மட்டும் சொன்னார்.

தம்பியைப் புரண்டு படுக்கச் சொன்னார். "முன்னாடி டாக்டர்" என்று அவன் சட்டையைத் தூக்கி அடிவயிற்றுத் தழும்பைக் காட்டினான். மாற்றுக் கிட்னியை முதுகுப்பக்கம் வைப்பதில்லை, முன்பக்கம் இடுப்பு எலும்பை ஒட்டித்தான் வைப்பார்கள். டாக்டரம்மா தலையாட்டிவிட்டு, குளிர்ந்த களிம்பைத் தடவி, கையில் இருந்த கருவியை அதன்மேல் வைத்து நகர்த்தினார். பெட்டியின் திரையில் சாம்பல் நிறத்தில் என்னென்னவோ அசைந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தினார், பொத்தானை அழுத்தினார், மறுபடி நகர்த்தினார். அதற்குள் நான் கும்பிடாத சாமி இல்லை. எனக்குப் பின்னால் மாமாவின் மூச்சு கேட்டது.

"கிட்னி நல்லாத்தாங்க இருக்கு" என்றார் கடைசியில்.

அந்த வார்த்தை என் காதில் விழுந்து மண்டைக்கு ஏறவே கொஞ்ச நேரம் ஆனது. அவர் திரையில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். கறுப்பாக ஒரு திட்டு. ஆபரேஷன் நடந்த இடத்தில் உடம்பின் நிணநீர் கொஞ்சம் கொஞ்சமாக ஊறி, கிட்னிக்குப் பக்கத்தில் பை மாதிரி தேங்கியிருக்கிறது என்றார். அந்தப் பைதான் சிறுநீர் இறங்குகிற குழாயை அமுக்கிக்கொண்டிருக்கிறது. இது நேற்று இன்று வந்ததில்லை, பல வாரமாக ஊறியிருக்கும் என்றார். கிட்னியில் ஒரு கோளாறும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ரத்த ஓட்டம், ஒதுக்குகிறதா இல்லையா என்பதையெல்லாம் கிட்னி டாக்டர்தான் சொல்வார், ஆனால் அமுக்குகிற தண்ணீரை எடுத்துவிட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார்.

"ஒங்க கிட்னி நல்லாவே தாக்குப் புடிச்சிருக்கு" என்று தம்பியிடம் சொன்னார்.

"என்னோடது இல்ல டாக்டர். அந்தா நிக்கிறாங்களே, எங்கக்காவோடது" என்றான் தம்பி.

டாக்டரம்மாவின் கை நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். "நீங்களா குடுத்தது? இத நீங்க பாத்துருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் வேலை முடிந்துவிட்டது. வெளியே அத்தனை பெண்கள் தண்ணீரைக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். ஆனாலும் எழுந்து அந்தப் பெட்டியை முழுசாக என் பக்கம் திருப்பினார். மறுபடி களிம்பு தடவினார். "இங்க பக்கத்துல வாங்க" என்றார்.

பார்த்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு அவர் விரல் ஓடிய வழியில் என் கண்ணும் ஓடியது. வெளிப்பக்கம் பட்டையாக ஒரு வளைவு. உள்ளே வரிசையாகக் கறுப்பு முக்கோணங்கள். நடுவில் வெளிச்சமான ஒரு திட்டு. வருஷா வருஷம் கரும்பலகையில் நான் சாக்பீஸால் வரைகிற அதே படம். பிளேடால் பிளந்து பிள்ளைகளுக்குக் காட்டுகிற அதே வடிவம். ஆனால் இது அறுபட்ட கறி இல்லை. தம்பி மூச்சு விடும்போதெல்லாம் லேசாக அசைந்துகொண்டிருந்தது. என்னோடு பிறந்து, என்னோடு பள்ளிக்கூடம் போய், என் கல்யாணத்தில் எனக்குள்ளேயே உட்கார்ந்திருந்த ஒன்று. ஒரு நாளும் அதை நான் நினைத்ததே இல்லை. இப்போது அது அவனுக்குள் இருந்துகொண்டு, தண்ணீர் அமுக்க அமுக்க, விடாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. நான் அழுதேன். வாய்விட்டே அழுதேன். அதற்கு வெட்கப்படவில்லை.

மாமா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"கலங்கத் தண்ணியில கெளுத்தி கெடக்குற மாதிரில்ல கெடக்கு" என்றார்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். தம்பி சிரித்த சிரிப்பில் திரையில் என் கிட்னி குலுங்கியது. "அந்தக் கறுப்பா இருக்குறதுதான் தண்ணியா?" என்று மாமா கேட்டார். ஆமாம் என்றார் டாக்டரம்மா. "அப்ப மடையத் தொறந்துவிட வேண்டியதுதான? அதுக்கு ஏன் எல்லாரும் அழுகுறீக?" என்று எங்களை அதட்டினார். அதட்டும்போது அவர் கண்ணிலும் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கிட்னி டாக்டரும் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். மறுநாள் அதே அறையில், அதே திரையைப் பார்த்துக்கொண்டே ஊசி போட்டு அந்தத் தண்ணீரை எடுத்தார்கள். வெளிர் மஞ்சளாக, ஒரு சொம்பு நிறைய வந்தது. அன்று சாயங்காலமே அளவு ஜாடி நிறைந்தது. என் கணவர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோப்பை ஜெயித்த கபடி டீம் கேப்டன் மாதிரி கூடத்தில் ஒரு சுற்று வந்தார். நான் கொட்டிவிடாதீர்கள் என்று பின்னாலேயே ஓடினேன். பிற்பாடு அந்தப் பை மறுபடி ஊறாமல் இருக்க மெட்ராஸில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்துகொண்டு வந்தான். அதன் பிறகு அந்தத் தொந்தரவு வரவில்லை.

மீன்மேல் விழுந்த பழி நீங்கிவிட்டது. ஆனால் பாதரசத்தின்மேல் விழுந்த பழி நீங்கவில்லை. டாக்டரும் அதைத்தான் சொன்னார். இந்தத் தடவை காரணம் அது இல்லை, அதற்காக அது நல்ல பிள்ளையாகிவிடாது, அந்தக் கண்மாய் மீனை யாருமே தின்னாமல் இருப்பதுதான் நல்லது என்றார். இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். தயங்கியிருக்கவே வேண்டாம். அடுத்த விதைப்புக்கு முன்னால், அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் இருந்த என் கணவரை மாமாவே வந்து கையோடு அழைத்துப் போய், ஊர் மந்தையில் நிறுத்திப் பேசவைத்துவிட்டார். என் கணவர் வாழ்க்கையில் பேசிய ஒரே மேடைப்பேச்சு அதுதான். மருந்து தடவிய விதையை வீட்டில் தொட்டியில் ஊறவையுங்கள், அந்தத் தண்ணீரைக் கண்மாயிலும் கிணற்றிலும் விடாதீர்கள், அந்தச் சாக்கில் சாப்பாட்டு அரிசி கட்டாதீர்கள், மடைப்பக்கத்து மீனைச் சில வருஷத்துக்கு மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். பாதிப் பேர் கேட்டுக்கொண்டார்கள். மீதிப் பேருக்கு மாமா இருந்தார். விதைப்பு முடிகிற வரை கண்மாய்க் கரையை விட்டு அவர் நகரவில்லையாம். தலையில் சாக்கோடு யார் வந்தாலும் மறித்துச் சண்டை போட்டிருக்கிறார். ஊரில் அவருக்கு மருந்துக்காரர் என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

அதற்கடுத்த மீன்பிடிக்கு அவர் மீன் கொண்டுவரவில்லை. ஒரு நாட்டுக்கோழியோடு வந்தார். தம்பி கோழியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். மறு வருஷமும் கோழிதான். மூன்றாவது வருஷம் தம்பிக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் தெரிந்துகொண்டே வந்த பெண். அந்தக் கோடையில் ஒரு நாள் மாமா மறுபடியும் வாசலில் நின்றார். கையில் பானை, வாயில் துணி, வேட்டியெல்லாம் தண்ணீர்.

நான் வாய் திறப்பதற்குள் அவரே பேசினார். "இது அந்தக் கண்மாய் இல்ல தாயி. பாறைக்கு அங்கிட்டு இருக்கே, மேலக் கண்மாய், அதுல புடிச்சது. இங்கிட்டு வெரட்டுனா பயலுக சாக்கத் தூக்கிட்டு அங்கிட்டுப் போறாய்ங்க. அங்கயும் போய் நின்னுக்கிட்டேன். ஒரு சாக்கு எறங்கல. ஒரே ஒரு சாக்குக்கூட எறங்க விடல."

தண்ணீர் மேலிருந்து கீழேதான் வரும். மருந்து கலந்த கீழ்க் கண்மாய்த் தண்ணீர் மேலக் கண்மாய்க்கு ஏறாது. அது எனக்குத் தெரியும், மாமாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அத்தனை வருஷ விதைப்பிலும் இவர் கரையில் நின்று காவல் காத்தது, ஊர் நன்மைக்காக மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். தம்பிக்குப் பயமில்லாமல் ஒரு மீன் கொடுக்க வேண்டும் என்பதற்காக ஒரு கண்மாயையே சுத்தமாக வைத்திருந்திருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தேன். அவர் சம்மதித்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தேன். போலீஸ் வேலையை நான் விட்டுவிடவில்லை.

தம்பி கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டான். மாமா தன் தட்டைத் தொடவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, அவன் ஒவ்வொரு வாயாக எடுத்து வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கரண்டியோடு நின்று மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஸ்கேன் படத்தின் நகல் ஒன்றை டாக்டரம்மா எனக்குக் கொடுத்தார். அது வழவழப்பான காகிதம். பீரோவில் இருந்தே பழுப்பேறி, இப்போது அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. தம்பி இன்றைக்கும் ஜாடியை நிறைத்துக்கொண்டு, என்னோடு வம்பு பண்ணிக்கொண்டு நன்றாக இருக்கிறான். அவன் பெண்ணுக்கு என் மூக்கு. திரை முன்னால் நான் நின்ற அன்றைக்கு என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாமல் இருந்தது. தம்பி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமாவின் முகத்தில்தான் அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், அதிலிருந்து யாருக்கு எதைக் கொடுத்தாலும் இழந்தேன் என்று எனக்குத் தோன்றுவதே இல்லை.